ராத்திரியில் பிள்ளைக்கு ‘இழுக்குது’ - எது இழுக்குது?

(தளவாய்புரத்தில் நடைபெற்ற நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியரும் குழு உறுப்பினருமான சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக் கொண்டதால், அவர் பேசியபடியே இங்கே தருகிறோம். உரையில் ஒரு உறுப்பினரின் குடும்பம் பற்றி வருவதால் யாருடைய பெயரும் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்.)



முகவூர், செட்டியார்பட்டி பக்கம் இருந்தெல்லாம் வந்திருக்கீங்க. காலையில் இருந்து சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. சாப்பாட்டு நேரத்துல இந்தக் கிழவி வேற மைக்கைப் பிடிச்சிட்டாளேன்னு நினைக்காதீங்க. நான் பேசப் போறது நம்ம பிள்ளைங்க தூங்குற தூக்கத்தைப் பத்தி. இதுல ஒரு கடன் கதையும் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன்.

நான் 30 வருஷத்துக்கு மேல செவிலியரா வேலை பார்த்தவ. அந்த 30 வருஷமும் தாய்மார்கள் சொல்லிக் கேட்ட ஒரு வார்த்தை உண்டு. “சிஸ்டர், ராத்திரியில புள்ளைக்கு இழுக்குது.”

இழுக்குதுன்னா என்ன? மூச்சு இழுக்குதுன்னாலும் இழுப்புதான். கை கால் இழுக்குதுன்னாலும் இழுப்புதான். நம்ம ஊர்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. ஆனா ரெண்டும் வேற வேற நோய். பார்க்கிற டாக்டர் வேற, மருந்தும் வேற. மூச்சுத் தொந்தரவு மூக்கிலேயும் தொண்டையிலேயும் இருந்து வருது. வலிப்பு மூளையில இருந்து வருது. நாம ‘இழுக்குது’ன்னு மட்டும் சொல்லிட்டு நின்னா, பகல்ல சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து டாக்டர் எதைன்னு கண்டுபிடிப்பார்?

இந்த ரெண்டையும் நானே குழப்பிக்கிட்டேன். அதனாலதான் இன்னைக்கு இதைப் பேச வந்தேன்.

ரெண்டு வீட்டுக் கதை

முதல் கதை என் பேரன் கதை. என் மக வயித்துப் பிள்ளை. அப்போ அவனுக்கு 5 வயசு. மக போன் பண்ணி, “அம்மா, ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்ன மாதிரி ஆகுது. அப்புறம் உடம்பைத் தூக்கிப் போடுது. வலிப்பா இருக்குமோ?”ன்னு அழுதா. அவ மாமியார் வீட்டு வழியில ஒருத்தருக்கு வலிப்பு உண்டு. அதனால அவளுக்கு அந்தப் பயம். நானும் “சளிதான், சரியாப் போயிடும்”னு ரெண்டு மாசம் போன்லயே சமாதானம் சொன்னேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடினவ, சொந்தப் பேரனை நேர்ல போய்ப் பார்க்கலை.

ஒரு நாள் போய் ராத்திரி அவன் பக்கத்துல உட்கார்ந்தேன். வாயைத் திறந்துக்கிட்டு குறட்டை. திடீர்னு குறட்டை நின்னுச்சு. சத்தமே இல்லை. ஆனா நெஞ்சு மட்டும் உள்ளே குழிஞ்சு குழிஞ்சு மேலே வருது. காத்துக்குத் தவிக்குது புள்ள. நான் மனசுக்குள்ள எண்ணுறேன், பத்து வரைக்கும் எண்ணிட்டேன். அப்புறம் ‘கொர்’ருன்னு ஒரு சத்தம், உடம்பு ஒரு உதறு உதறி, புரண்டு படுத்து மறுபடியும் குறட்டை. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் அதே. அந்த உதறலைத்தான் என் மக வலிப்புன்னு பயந்திருக்கா. அது வலிப்பு இல்லை. அடைபட்ட மூச்சை மீட்க உடம்பு பண்ற போராட்டம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துட்டு, மூக்குக்குப் பின்னால அடினாய்டுங்கிற சதை வளர்ந்திருக்கு, டான்சிலும் பெரிசா இருக்குன்னார். மூக்குக்கு அடிக்கிற மருந்து கொடுத்துப் பார்த்தார். குறையலை. பிறகு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. இப்போ வாயை மூடிக்கிட்டு சத்தமில்லாம தூங்குறான்.

இந்தக் கதையை எங்க குழுக் கூட்டத்துல சொன்னேன். அன்னைக்கு சாயங்காலமே ஒரு உறுப்பினர் வீட்டுக்கு வந்துட்டா. நைட்டி தைக்கிறவ. “அக்கா, எம்மவளும் விடியக்காலம் கர்கர்னு குறட்டை விடுதா. உங்க பேரனுக்கு மாதிரி சதையாத்தான் இருக்கும். எந்த டாக்டர்ட்ட போகணும்?”னு கேட்டா. பிள்ளைக்கு 8 வயசு. நானும் அந்தக் காது மூக்கு தொண்டை டாக்டர் பேரைச் சொல்ல வாயைத் திறந்துட்டேன். என்னமோ தோணுச்சு, “வேற என்ன செய்யுது?”ன்னு கேட்டேன்.

“எச்சி ஒழுகி தலையணை நனைஞ்சிருது அக்கா. வாய் ஒரு பக்கமா கோணுது. கண்ணைத் திறந்து என்னையப் பாக்கா, பேச மாட்டேங்கா. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பேச்சு வருது”ன்னா.

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. இது குறட்டை இல்லை. தொண்டையில எச்சில் தேங்கி வர்ற சத்தம். இது வலிப்பு.

பார்த்தீங்களா சகோதரிகளே, வலிப்புன்னு பயந்த வீட்டுல இருந்தது மூச்சு அடைப்பு. குறட்டைன்னு நினைச்ச வீட்டுல இருந்தது வலிப்பு. ரெண்டு தாயும் பொய் சொல்லலை. ரெண்டு பேரும் முழுசா பார்க்கலை, அவ்வளவுதான். என்ன பார்க்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை.

மூச்சு அடைப்பு எப்படி இருக்கும்?

நூறு பிள்ளைகளில் 1 முதல் 5 பிள்ளைகளுக்கு இந்தத் தூக்க மூச்சு அடைப்பு இருக்கலாம்னு மருத்துவர்கள் சொல்றாங்க. 2 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும் அதிகம். அந்த வயசுலதான் மூக்கு தொண்டை சதை பெரிசா இருக்கும். விழிச்சிருக்கும் போது தொண்டைத் தசை இறுக்கமா இருக்கு, காத்து போயிரும். தூங்கும்போது தசை தளர்ந்திடும், சதை வழியை அடைச்சிடும்.

சளி பிடிச்ச நேரத்துல நாலு நாள் குறட்டை விட்டா பயப்பட வேண்டாம். சளி இல்லாதப்பவும் வாரத்துல 3 ராத்திரிக்கு மேல குறட்டை விட்டா கவனிக்கணும். குறட்டை நடுவுல நிக்குதா, நெஞ்சு உள்ளே குழியுதா, பிறகு திணறி மூச்சு வாங்குதா, இதைப் பாருங்க. பெரியவங்களுக்கு 10 வினாடி மூச்சு நின்னாதான் கணக்கு. பிள்ளைகளுக்கு ரெண்டு மூச்சு விடுற நேரம் நின்னாலே கணக்குல சேரும்.

இந்தப் பிள்ளைங்க ராத்திரி பூரா புரளும். தலையைப் பின்னால சாய்ச்சு, கழுத்தை நீட்டிப் படுக்கும். வேர்த்துக் கொட்டும். மல்லாந்து படுத்தா அதிகமாகும், ஒருக்களிச்சுப் படுத்தா குறையும். காலையில வாய் காய்ஞ்சு எழும்பும், தலைவலிக்குதுன்னு சொல்லும். பகல்லயும் வாயைத் திறந்தே இருக்கும்.

இன்னொண்ணு முக்கியம். தூக்கம் கெட்ட பெரியவங்க பகல்ல சோர்ந்து விழுவோம். பிள்ளைங்க பல பேர் அப்படி இல்லை. ஒரு இடத்துல உட்காராது, எரிச்சல்படும், அடம்பிடிக்கும், பாடத்துல மனசு நிக்காது. டீச்சர் ‘சேட்டைக்காரன்’னு சொல்லுவாங்க, இல்லைன்னா ‘மக்கு’ன்னு சொல்லுவாங்க. இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1889லேயே லண்டனில் வில்லியம் ஹில் என்கிற டாக்டர், மந்தம்னு ஒதுக்கி வச்ச பள்ளிப் பிள்ளைகள் சில பேருக்கு உண்மையான காரணம் மூக்கடைப்பும் வாயால மூச்சு விடுறதும்தான்னு எழுதி வச்சிருக்கார். 100 வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னும் பிள்ளையைத்தான் அடிக்கிறோம்.

வலிப்பு எப்படி இருக்கும்?

வலிப்புன்னதும் கீழே விழுந்து, நுரை தள்ளி, கை கால் வெட்டுறதுதான் நம்ம கண்ணு முன்னால வரும். ராத்திரி வர்ற வலிப்பு எல்லாம் அப்படி இருக்காது.

பிள்ளைகளுக்கு 3 வயசுல இருந்து 13 வயசுக்குள்ள வர்ற ஒரு வகை வலிப்பு உண்டு. பெரும்பாலும் தூக்கத்துலதான் வரும். தூங்கின கொஞ்ச நேரத்துல வரும், இல்லைன்னா விடியப் போற நேரத்துல வரும். முகத்துல ஒரு பக்கம் துடிக்கும், வாய் கோணும், எச்சில் ஒழுகும், தொண்டையில சத்தம் வரும். பிள்ளைக்கு நினைவு இருக்கும், பேச்சு வராது. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல நின்னுடும். சில நேரம் அது உடம்பு முழுக்கப் பரவி பெரிய வலிப்பா ஆகுறதும் உண்டு. எங்க குழு உறுப்பினர் பிள்ளைக்கு இருந்தது இந்த வகைதான்.

இன்னொரு வகையில, தூக்கத்துல எழுந்து வாந்தி எடுக்கும், முகம் வெளிறிப் போகும், கண் ஒரு பக்கமா சொருகி நிக்கும். வேற ஒரு வகையில, தூக்கத்துல திடீர்னு கையைக் காலை உதைச்சு, சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டும். அரை நிமிஷம்தான் இருக்கும். ஆனா ஒரே ராத்திரியில பல தடவை வரும், ஒவ்வொரு தடவையும் அச்சு அடிச்ச மாதிரி ஒரே போல வரும்.

உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். பாதிப் பேர் தையல் மிஷின் மிதிக்கிறவங்க. மிஷின் ஊசி எப்படி ஏறி இறங்கும்? ஒரே சீரா, ஒரே அளவுல. வலிப்புத் துடிப்பு பெரும்பாலும் அப்படித்தான், டக் டக் டக்னு ஒரு தாளத்துல வரும். நீங்க கையை அழுத்திப் பிடிச்சாலும் நிக்காது, உங்க கைக்குள்ளேயே துடிக்கும். மூச்சு அடைப்புல வர்ற உதறலுக்குத் தாளம் கிடையாது. ஒரு தடவை தூக்கிப் போடும், புரளும், முடிஞ்சிரும். அதுக்கு முன்னால குறட்டையும் மூச்சுத் திணறலும் இருக்கும்.

முடிஞ்ச பிறகு என்ன நடக்குதுன்னும் பாருங்க. மூச்சு அடைப்புப் பிள்ளை புரண்டு படுத்து உடனே தூங்கிடும். வலிப்பு வந்த பிள்ளை கொஞ்ச நேரம் குழம்பிப் போய் முழிக்கும், ஒரு கை சோர்ந்து கிடக்கலாம், பேச்சு வராம இருக்கலாம், இல்லைன்னா எழுப்ப முடியாத அசந்த தூக்கத்துக்குப் போகலாம். காலையில நாக்கு கடிபட்டு இருக்கா, தலையணையில ரத்தக்கறை இருக்கா, உடம்பு வலிக்குதுன்னு சொல்லுதான்னு பாருங்க.

படுக்கையில மூத்திரம் போறதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அது ரெண்டுலயும் வரும். எந்த நோயும் இல்லாத பிள்ளைக்கும் வரும். அதே மாதிரி வலிப்புலயும் கொஞ்ச நேரம் மூச்சு நின்னு உதடு நீலமாகலாம்.

ரெண்டும் இல்லாத மூணாவது ஒண்ணும் உண்டு. தூங்கி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பிள்ளை ‘வீல்’னு அலறி எழுந்து உட்காரும். கண் திறந்திருக்கும், அம்மாவையே அடையாளம் தெரியாது. 10 நிமிஷத்துல தானா அடங்கித் தூங்கிடும். காலையில கேட்டா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. இது தூக்கத்துல வர்ற பயம். பெரும்பாலும் வயசு ஏற ஏறப் போயிடும். உலுக்கி எழுப்பாதீங்க, விழுந்து அடிபடாமப் பார்த்துக்கிட்டா போதும். ஆனா அடிக்கடி வந்தாலும், எப்பவும் ஒரே மாதிரி வந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

நாம தீர்ப்புச் சொல்ல வேண்டாம், சாட்சி சொன்னா போதும்

இவ்வளவு கேட்டதும் “அப்போ நானே கண்டுபிடிச்சிருவேன்”னு கிளம்பிடாதீங்க. சில பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். மூச்சு அடைச்சு தூக்கம் கெட்டா, வலிப்பு உள்ள பிள்ளைக்கு வலிப்பு கூடும். இதை டாக்டர்தான் பிரிச்சுப் பார்க்கணும்.

ஆனா டாக்டர் ராத்திரி 2 மணிக்கு உங்க வீட்டுல இல்லை. பிள்ளைக்கும் சொல்லத் தெரியாது. பார்த்தவ நீங்க மட்டும்தான். நீங்க சொல்ற சாட்சியை வச்சுத்தான் முழு வைத்தியமும்.

ஒரு நோட்டுல எழுதுங்க. எழுதத் தெரியலைன்னா பிள்ளையை எழுதச் சொல்லுங்க. என்ன தேதி, எத்தனை மணி, தூங்கி எவ்வளவு நேரத்துல, எவ்வளவு நேரம் நீடிச்சது, எந்தப் பக்கம் துடிச்சது, முதல்ல மூச்சு நின்னுச்சா முதல்ல கை துடிச்சுதா, முடிஞ்ச பிறகு என்ன செஞ்சது. குழு தீர்மான நோட்டு எழுதுறோமே, அதே மாதிரி நடந்ததை மட்டும் எழுதணும்.

இப்போ எல்லார் கையிலயும் கேமரா போன் இருக்கு. அதுல படம் எடுங்க. லைட்டைப் போடுங்க, போர்வையை விலக்குங்க. முகமும் நெஞ்சும் கையும் ஒண்ணா தெரியணும், சத்தமும் கேட்கணும். குறட்டைப் பிள்ளையா இருந்தா நல்லா அசந்து தூங்கும்போது ரெண்டு மூணு நிமிஷம் எடுங்க. வலிப்பா இருந்தா முதல்ல பிள்ளையைக் காப்பாத்துங்க, வேற ஆள் இருந்தா அவங்க எடுக்கட்டும். அந்தப் படத்தை டாக்டர்கிட்ட மட்டும் காட்டணும். குழு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க. அது உங்க பிள்ளை மானம்.

எங்க உறுப்பினர் எடுத்த படம் 40 வினாடிதான். அதைப் பார்த்ததுமே குழந்தை டாக்டர் “இது குறட்டை இல்லைம்மா”ன்னு சொல்லி நரம்பியல் டாக்டர்கிட்ட அனுப்பினார்.

வலிப்பு வந்தா கையில இரும்பு வேண்டாம்

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. ஆனாலும் சொல்லுவேன். சாவிக் கொத்து கொடுக்காதீங்க. வலிப்பு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நிக்கும். நிக்கிற நேரத்துல கையில சாவி இருந்ததால, சாவி நிறுத்தினதுன்னு நம்பிட்டோம். வாயில கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீங்க. பல் உடையும், மூச்சு அடைக்கும். தண்ணி, சோடா கொடுத்தா நுரையீரலுக்குள்ள போயிரும். கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க.

செய்ய வேண்டியது சுலபம். பிள்ளையை ஒரு பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, எச்சில் வெளியே வழியட்டும். கழுத்துப் பக்கம் துணி இறுக்கமா இருந்தா தளர்த்துங்க. தலைக்குக் கீழே மெத்துனு ஏதாவது வையுங்க. மணியைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினாலும், ஒண்ணு நின்னு நினைவு திரும்புறதுக்குள்ள அடுத்தது வந்தாலும், நின்ன பிறகும் மூச்சு சரியா வரலைன்னாலும் உடனே 108க்கு போன் பண்ணுங்க. முதல் தடவை வந்ததுன்னா, சீக்கிரம் நின்னுட்டாலும் அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். காய்ச்சலோட வந்தாலும் அதே மாதிரிதான்.

மூச்சு அடைப்புப் பிள்ளைக்கு உதடு நீலமானாலும், எழுப்பியும் திணறல் நிக்கலைன்னாலும் அதுவும் அவசரம்தான். காத்திருக்காதீங்க.

எங்கே போகணும், என்ன செய்வாங்க?

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பிள்ளைகளைப் பார்க்க மருத்துவக் குழு வரும். 2013ல் தொடங்கின தேசியத் திட்டம் அது. அங்கன்வாடிக்கு வருஷத்துல 2 தடவை, பள்ளிக்கு 1 தடவை. அவங்க பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல வலிப்பும் இருக்கு. டீச்சரைக் கேட்டு அன்னைக்குப் போய் நில்லுங்க. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்னா, ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டி சீட்டு வாங்கி, அரசு மருத்துவமனையில குழந்தை டாக்டரைப் பாருங்க. 2022ல் விருதுநகர்ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துருச்சு. மதுரையில அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டுப் போங்க. எந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டுன்னு அங்கே இருக்கிற காப்பீட்டுப் பிரிவுல முதல்லயே கேட்டுக்கிடுங்க.

வலிப்புக்கு இ.இ.ஜி. எடுப்பாங்க. தலையில பசை தடவி வயரை ஒட்டுவாங்க. கரண்ட் வைக்கிறதுன்னு பயந்து ஒருத்தி பாதியில பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டா. கரண்ட் எதுவும் உள்ளே போகாது, மூளையில இருக்கிற மின்சாரத்தை வெளியே இருந்து எழுதுற மிஷின் அது. வலிக்காது. பிள்ளை தூங்கும்போது எடுத்தாத்தான் பல நேரம் தெரியும். அதனால முந்தின ராத்திரி சீக்கிரம் எழுப்பிடுங்கன்னு சொல்லுவாங்க, அதன்படி செய்யுங்க. இ.இ.ஜி. நல்லா இருக்குன்னாலும் வலிப்பு இல்லைன்னு அர்த்தமில்லை. அங்கேயும் உங்க சாட்சிதான் பேசும்.

சில பிள்ளைக்கு ஸ்கேன் எடுப்பாங்க. மூளையில நாடாப்புழுக் கட்டி இருக்கான்னு பார்க்க. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்த மாவட்டத்துல கணக்கெடுத்து 2006ல் வெளியிட்ட ஆய்வுல, ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 4 பேருக்கு வலிப்பு இருந்தது. அதுல மூணுல ஒரு பங்கு இந்தப் புழுவால வந்தது. பன்றிக்கறி சாப்பிடாதவங்களுக்கும் வரும். ஏன்னா புழு முட்டை மனுஷ மலத்து வழியா மண்ணுக்கும் காய்கறிக்கும் வருது. கையையும் காய்கறியையும் கழுவுங்கன்னு சொல்றது இதுக்கும் சேர்த்துத்தான்.

மாத்திரை கொடுத்தா ஒரு வேளை கூட விடாதீங்க. ‘நல்லாயிட்டா’ன்னு நீங்களா நிறுத்தினா வலிப்பு முன்னை விட மோசமா வரலாம். நான் சொன்ன அந்த முகம் கோணுற வகைக்கு, எப்போதாவது வந்தா, மாத்திரையே வேண்டாம்னு சொல்ற டாக்டரும் உண்டு. 16 வயசுக்குள்ள பெரும்பாலான பிள்ளைக்கு அது தானா போயிடும்.

மூச்சு அடைப்புக்கும் உடனே கத்தின்னு பயப்படாதீங்க. அமெரிக்காவுல 5 முதல் 9 வயசுப் பிள்ளைகள் 464 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2013ல் வெளியிட்டாங்க. பாதிப் பேருக்கு ஆபரேஷன் பண்ணாங்க, பாதிப் பேரை 7 மாசம் கவனிச்சுப் பார்த்தாங்க. ஆபரேஷன் ஆன நூறுல 79 பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாயிருந்தது. சும்மா கவனிச்சவங்கள்லயும் நூறுல 46 பேருக்குச் சரியாயிருந்தது. அதனால யாருக்கு உடனே வேணும், யார் காத்திருக்கலாம்னு டாக்டர் சொல்லட்டும். கடுமையா மூச்சு நிக்கிற பிள்ளையைக் காத்திருக்க வைக்கக் கூடாது. வீட்டுல நாம செய்ய வேண்டியது, பிள்ளை தூங்குற அறையில பீடி, சிகரெட் புகையும் கொசுவத்திப் புகையும் இல்லாமப் பார்த்துக்கிடுறது. கொசுவலை கட்டுங்க.

கடன் பதிவேட்டில் எழுதாத காரணம்

இப்போ அந்தக் கடன் கதை. அந்தப் பிள்ளைக்கு வலிப்புன்னு தெரியுறதுக்கு ஆறு மாசம் முன்னால, அவ அம்மா குழுவுல 3,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தா. பதிவேட்டுல நோக்கம்கிற இடத்துல ‘நைட்டித் துணி வாங்க’ன்னு எழுதியிருக்கு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா அந்தப் பணத்துல துணி வாங்கலை. பிள்ளைக்குக் காத்துக் கருப்பு பிடிச்சிருக்குன்னு யாரோ சொல்லி, மந்திரிச்சு கயிறு கட்டுறதுக்குப் போயிருக்கு. அப்போ அவ மனசுக்குள்ள இது குறட்டை இல்லைன்னு ஒரு சந்தேகம் இருந்திருக்கு. என்கிட்ட வந்தப்போ கூட குறட்டைன்னுதான் சொன்னா. ஏன்னு கேட்டேன்.

“பொம்பளப் புள்ள அக்கா. வலிப்புன்னு ஒரு தடவை வாயில வந்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா?”ன்னா.

அவளை நான் திட்டலை. நாமதானே அவளை அப்படிப் பயமுறுத்தி வச்சிருக்கோம்? ‘காக்கா வலிப்பு’ன்னு பேர் வச்சு கேலி பண்றோம். கால் கை வலிப்புங்கிறதுதான் மருவி காக்கா வலிப்பு ஆச்சு, காக்காவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு காலத்துல சட்டமே அப்படித்தான் இருந்துச்சு. இந்துத் திருமணச் சட்டத்துல, திரும்பத் திரும்ப வலிப்பு வர்றவங்க கல்யாணம் செல்லாதுன்னு சொல்ல வழி இருந்தது. 1999ல் அந்த வார்த்தையைச் சட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க. இப்போ வலிப்பைக் காரணம் காட்டி ஒரு கல்யாணத்தைச் செல்லாதுன்னு ஆக்க முடியாது. சட்டம் மாறிடுச்சு, நம்ம வாய்தான் இன்னும் மாறலை.

உலகத்துல சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சரியா கண்டுபிடிச்சு மருந்து கொடுத்தா நூறுக்கு 70 பேர் வரைக்கும் வலிப்பே இல்லாம வாழலாம்னும் சொல்லுது. அந்தப் பிள்ளை இப்போ அஞ்சாம் வகுப்பு படிக்கிறா. கடைசியா வலிப்பு வந்து ஒரு வருஷம் தாண்டிருச்சு. இந்தக் கதையைக் கூட்டத்துல சொல்லுங்கன்னு அவ அம்மாவே என்கிட்ட சொன்னா. ‘பேரு மட்டும் வேண்டாம் அக்கா’ன்னா. அந்தப் பயம் இன்னும் போகலை. அதைப் போக்க வேண்டியது நாமதான்.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துல ஒரு தீர்மானம் போடுங்க. பிள்ளை வைத்தியத்துக்குன்னு ஒருத்தி கடன் கேட்டா, வரிசையைப் பார்க்காம அவளுக்கு முதல்ல கொடுப்போம். என்ன நோய்னு அவ சொன்னா, அது அந்த அறையைத் தாண்டிப் போகாது. நோக்கம்கிற இடத்துல ‘வைத்தியச் செலவு’ன்னு அவ பயப்படாம எழுதட்டும். துணி வாங்கன்னு எழுத வேண்டிய நிலைமை இனி நம்ம குழுவுல எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

இன்னைக்கு ராத்திரி மிஷினை நிறுத்தின பிறகு, படுக்கப் போறதுக்கு முன்னால பிள்ளை பக்கத்துல ஒரு 10 நிமிஷம் சும்மா உட்காருங்க. மூச்சைக் கேளுங்க, முகத்தைப் பாருங்க. நல்லா தூங்குதுன்னா நிம்மதியா நீங்களும் தூங்குங்க. ஏதாவது மனசுக்கு உறுத்தினா, ‘இழுக்குது’ன்னு மட்டும் சொல்லாதீங்க. எது இழுக்குதுன்னு பார்த்து வந்து சொல்லுங்க.

வாங்க, சாப்பிடப் போகலாம்.